மரத்தளத்தில் டைல் பதிப்பதற்கு முன்: பினாங்கு வீட்டு மாடியில் பெற்ற அனுபவம்

மரத்தளத்தின் மேல் பீங்கான் டைல் பதிக்கலாம். ஆனால் அந்தத் தளம் அதற்குத் தகுதியானதா என்பதை மாடியில் நின்றுகொண்டு முடிவு செய்ய இயலாது. கீழ்த்தளத்துக்கு இறங்கி, அண்ணாந்து பார்த்து, உத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டியும் குத்தியும் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பினாங்கில் எங்கள் குடும்ப வீட்டின் மாடிக் கூடத்துக்கு டைல் பதித்தபோது, செலவிலும் உழைப்பிலும் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்பகுதிக்கே போயிற்று. அப்படிப் போனதே சரி என்று உறுதியாகக் கருதுவதால், பழைய வீடுகளில் இதே வேலையைத் தொடங்க எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீடு டத்தோ கெராமாட் சாலைக்கு அருகில் இருக்கிறது. போருக்கு முந்தைய காலத்துச் செங்கல் வரிசை வீடு. 16 அடி அகலம். இரு பக்கப் பொதுச்சுவர்களுக்கு இடையே உத்திரங்கள் ஓடுகின்றன. அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள பலகைகள் அறையப்பட்டிருந்தன. கீழ்த்தளத்தைத் தையற்கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாடியின் பின்கூடத்தில்தான் சாமி அலமாரி இருக்கிறது. விசேஷ நாட்களில் இலை போட்டுச் சாப்பிடுவதும் அங்கேதான். வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கூடத்தைக் கழுவும்போது பலகை இடுக்குகள் வழியே தண்ணீர் சொட்டி, கீழே வெட்டி வைத்த துணிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதனால்தான் பின்கூடத்துக்கு மட்டும் டைல் என்று முடிவு செய்தோம். முன்னறையின் பலகைகள் நல்ல செங்கால் மரம். அவற்றைத் தொட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பாரம்பரிய வட்டாரம் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016இல் அரசிதழில் வெளியாயிற்று. அந்த எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர்கள் தளத்தில் கை வைப்பதற்கு முன்பே மாநகர் மன்றத்தை அணுக வேண்டும். எங்கள் வீடு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. எல்லைக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், பூச்சி அரிக்காத பழைய பலகைத்தளத்தை அழகுக்காக மட்டும் மூடுவது தேவையற்றது என்பது என் கருத்து. தண்ணீர் புழங்கும் இடம் என்ற காரணம் இருந்தால்தான் டைலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டைல் விறைப்பானது, சிறிது வளைந்தாலும் டைலோ, டைல்களுக்கு இடையே நிரப்பும் சந்துப் பூச்சோ விரிசல் விடும். மரம் இரண்டு வகையில் அசைகிறது. ஆள் நடக்கும்போது உத்திரம் கீழ்நோக்கி வளைகிறது. காற்றின் ஈரத்துக்கு ஏற்பப் பலகை அகலவாக்கில் விரிந்து சுருங்குகிறது. நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசைவதே இல்லை என்பதால், ஒவ்வொரு பலகையும் தன் பக்கத்துப் பலகையிலிருந்து தனித்தனியே விலகியும் நெருங்கியும் வருகிறது. இப்படிப்பட்ட பலகைகளின் மேல் நேரடியாக டைலை ஒட்டினால், பலகைச் சந்துகளின் நேர்கோட்டிலேயே மேலே விரிசல் தோன்றும். ஒட்டுப்பசை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

முதலில் வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், பலகையின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, இரண்டு அங்குலம் சிமெண்டு மணல் கலவை போட்டு, அதன் மேல் டைலைப் பதித்துவிடலாம் என்றார். தரைத்தளத்தில் பழகிய முறை அது. மண்ணின் மேல் கிடக்கும் காங்கிரீட்டுக்கு அது பொருந்தும். மாடி மரத்தளத்துக்குப் பொருந்தாததற்கு முதற்காரணம் எடை. 50 மி.மீ. சிமெண்டுக் கலவை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ எடையுள்ளது. டைலையும் சேர்த்தால் ஏறக்குறைய 120 கிலோ. குடியிருப்பு வீட்டின் தளம் தாங்க வேண்டிய நடமாட்டச் சுமையாக மலேசியக் கட்டடத் துணைவிதிகள் வைத்திருக்கும் அளவே சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோதான். ஆட்களும் அலமாரியும் ஏறுவதற்கு முன்பே அந்த அளவுக்கு நெருக்கமான பாரத்தைத் தளத்தின் மேல் நிரந்தரமாக ஏற்றிவைப்பதாக அது முடிந்திருக்கும். எங்கள் கூடம் 16 அடிக்கு 12 அடி. மொத்தக் கணக்கில் இரண்டு டன்னுக்கு மேல். நிரந்தரப் பாரத்தைச் சுமக்கும் மரம் போட்ட அன்று வளைந்த அளவோடு நிற்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மேலும் தொய்கிறது. தவிர, கலவையில் கம்பி வலை இல்லாவிட்டால் அந்தத் தொய்வில் கலவையே பிளக்கும். அந்த யோசனையைக் கைவிட்டோம்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த மூத்த தச்சர் ஒருவர்தான் வேலையின் வரிசையை மாற்றினார். “தம்பி, மேல போடுற டைலப் பத்தி அப்புறம் பேசுவோம், மொதல்ல சுவத்துக்குள்ள போற முனையப் பாப்போம்” என்றார். கீழ்த்தளத்துக் கூரைப் பலகையைக் கழற்றச் சொல்லி, கையில் ஒரு சிறு சுத்தியலும் கூரான திருப்புளியும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் உத்திரத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கறையான் தின்ற மரம் பொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியை அழுத்தினால், நல்ல மரத்தில் முனை ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. இற்றுப்போன மரத்தில் தடையின்றி உள்ளே போகும். பினாங்கு வீடுகளில் பெருஞ்சேதம் செய்பவை மண்ணடிக் கறையான்கள். அவை சுவரோரமாக மண்குழாய் கட்டி ஏறுவதால், உத்திரத்தின் நடுப்பகுதி குறையின்றித் தெரிந்தாலும் சுவரில் புதைந்த முனையை நம்பக் கூடாது.

அந்த முனைகளே பழைய வீட்டின் பலவீனமான இடம் என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன். எங்கள் வீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அவை ஈரத்தை உறிஞ்சி, பிறகு மெல்ல வெளியேற்றும் இயல்புடையவை. இடையில் யாரோ வெளிப்புறத்தில் சிமெண்டு பூசியதால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கியிருந்தது. பின்மூலையில் மழைநீர்க் குழாய் ஒன்றும் உடைந்திருந்தது. அந்த மூலையை ஒட்டிய இரண்டு உத்திரங்களின் முனைகள், சுவருக்குள் இருந்த பகுதி மட்டும், கையால் பிய்க்கும் அளவுக்கு மக்கிவிட்டன. மேலிருந்து பார்த்தவர்கள் எவருக்கும் அது தெரியவில்லை. பலகை அங்கே சற்று ஆடுகிறது என்று மட்டும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மரத்தை மாற்றுவதற்கு முன் தண்ணீரை நிறுத்தினோம். குழாயைச் சரிசெய்து, அந்தப் பகுதியின் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து மீண்டும் சுண்ணாம்புப் பூச்சே பூசி, சுவர் உலரும் வரை காத்திருந்தோம். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்பீட்டளவில் வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. தேர்ந்தெடுக்க முடியுமானால் இத்தகைய வேலையை ஆண்டுத் தொடக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உலர்ந்த பிறகு மக்கிய முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, பக்கத்தில் புதிய பாலாவ் மரத் துண்டுகளைப் போதுமான நீளத்துக்கு இணைத்து, போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். புது முனைகளுக்குக் கறையான் மருந்து பூசி, சுவர்க் குழியில் மரத்தைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டார்கள். குழியைச் சாந்து வைத்து இறுக்கமாக அடைக்கத் தச்சர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

அடுத்தது விறைப்பு. சுமை ஏறும்போது உத்திரம் எவ்வளவு வளையலாம் என்பதற்கு வட அமெரிக்க டைல் மன்றத்தின் கையேடு முதலியவை பீங்கான் டைலுக்கு வைத்திருக்கும் எல்லை, தாங்கலில்லா நீளத்தில் 360இல் ஒரு பங்கு. இயற்கைக் கல்லுக்கு அது 720இல் ஒரு பங்கு. எங்கள் 16 அடிக்கு டைல் என்றால் சுமார் 13.5 மி.மீ.; பளிங்கு என்றால் 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. மாடியில் பளிங்கு போட ஆசைப்படுபவர்கள் முதலில் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். எங்கள் உத்திரங்கள் இரண்டு அங்குலத்துக்கு ஏழு அங்குலம். 16 அங்குல இடைவெளியில் வைக்கப்பட்டவை. பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுப் பார்த்ததில், அவை உடைந்துவிடும் அபாயம் சிறிதும் இல்லை, ஆனால் வளைவு மட்டும் டைலுக்கான எல்லையைத் தாண்டுகிறது என்று தெரிந்தது. தளம் வலுவாக இருப்பதும் விறைப்பாக இருப்பதும் வேறு வேறு. நூறாண்டு ஆட்களைச் சுமந்த தளம் டைலையும் சுமக்கும் என்று பலர் சொல்வது இதைக் கருதாமல்தான்.

இந்தக் கணக்கின் உள்ளடக்கம் எளிமையானது. சுமை சீராகப் பரவியிருக்கும்போது, தாங்கலில்லா நீளம் 12 அடியிலிருந்து 16 அடியானால் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. வளைவோ மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. அதே நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் வளைவு பதினாறில் ஒன்றாகிறது. உத்திரத்தின் பக்கத்தில் அதே அளவு மரத்தை இன்னொன்றாகச் சேர்த்து இணைத்தால் வளைவு பாதிதான் குறையும், எடையும் கூடும். ஆகவே உத்திரங்களின் நடுவே குறுக்காக ஓர் இரும்புத் தூலத்தைக் கீழிருந்து கொடுத்து, அதன் இரு முனைகளையும் தூண்களில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. தையற்கடைக்காரரிடம் பேசி, ஒரு தூண் பின்சுவரை ஒட்டியும் மற்றது தடுப்புச் சுவரின் வரிசையிலும் வருமாறு அமைத்தோம். இரண்டுக்கும் தரையைத் தோண்டித் தனி அடித்தளம் போடப்பட்டது. தூலத்தை முட்டுக் கொடுத்து வலிந்து உயர்த்தவில்லை. பல காலமாகத் தொய்ந்து அந்த வடிவத்தில் இறுகிப்போன மரத்தை ஒரே நாளில் நிமிர்த்தினால் சுவர்ப்பூச்சும் பக்கத்து இணைப்புகளும் பிளக்கும். இருக்கும் நிலையிலேயே இறுக்கமாகத் தாங்கும்படி வைத்து, மட்டத்தை மேலே சரிசெய்துகொண்டோம். உத்திரங்களுக்கு இடையே குறுக்குக்கட்டைகளும் அடித்ததால், ஒரு உத்திரம் மட்டும் தனியே அமுங்குவது நின்றது. இப்படிக் கட்டமைப்பில் கை வைக்கும் வேலைக்குப் பொறியாளரின் வரைபடமும் மாநகர் மன்றத்தின் அனுமதியும் தேவை. அதைத் தவிர்த்துக் காசை மிச்சம் பிடிப்பது பக்கத்து வீட்டின் சுவரையும் சேர்த்து ஆபத்தில் வைப்பதாகும்.

பின்கூடத்தின் பழைய பலகைகளை முழுவதும் எடுத்துவிட்டோம். அவற்றின் மேலேயே ஒட்டுப்பலகை (பிளைவுட்) அடிக்கும் வழியும் உண்டு. ஆனால் பலகைகள் கிண்ணம்போல் வளைந்து கிடந்தன. மேலும் தளத்தின் உயரம் கூடும். ஒரு மூலையில் மிகப் பழைய வினைல் விரிப்பு கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பழங்கால வினைல் விரிப்புகளின் அடித்தாளிலும் இத்தகைய தார்ப்பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், அதைச் சுரண்டவோ தேய்ப்பு இயந்திரம் வைக்கவோ விடாமல், விரிப்பை நனைத்து, பலகையோடு சேர்த்தே எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி அப்புறப்படுத்தச் செய்தோம். பழைய பெயின்ட் அடித்த பலகைகளில் ஈயம் இருக்கலாம். அவற்றையும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. குறையற்ற பலகைகள் முன்னறையின் சிறு பழுதுகளுக்குப் பயன்பட்டன.

பலகையை எடுத்த பிறகு நூல் கட்டிப் பார்த்ததில் உத்திரங்களின் மேல்விளிம்பு ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வாக இருந்தது தெரிந்தது. ரசமட்டம் குறுகிய தூரத்துக்குத்தான் உதவும். கூடம் முழுவதற்கும் நூலே நம்பகமானது. தாழ்ந்த உத்திரங்களின் பக்கவாட்டில் புதிய சட்டங்களைச் சரியான மட்டத்தில் முடுக்கி, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிறிய டைலுக்கு 3 மீட்டருக்கு 6 மி.மீ. வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம். பக்கம் 38 செ.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள பெரிய டைலுக்கு 3 மி.மீ.தான். நாங்கள் 30 செ.மீ. டைலைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதன் மேல் முதலடுக்காக 18 மி.மீ. ஒட்டுப்பலகை. இது வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய, கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டியதாக இருக்க வேண்டும். கடையில் சொல்வதை மட்டும் நம்பாமல், தச்சர் ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் நெடுநேரம் போட்டு, ஏடுகள் பிரியவில்லை என்று பார்த்த பிறகே மற்றவற்றை வாங்க அனுமதித்தார். விளிம்பில் ஓட்டை தெரியும் பலகைகளையும் ஒதுக்கினார். உள்ளே இருக்கும் வெற்றிடம் காலடியில் அமுங்கும். மரத்தூள் அட்டைப் பலகைகளை இந்த வேலைக்கு அறவே பயன்படுத்தக் கூடாது. ஈரம் பட்டால் அவை உப்பி உதிரும். வந்த பலகைகளை இடையில் குச்சி வைத்து அதே கூடத்தில் சில நாட்கள் அடுக்கி வைத்து, அறையின் ஈரத்துக்குப் பழக விட்டோம். பிறகு அவற்றின் நீளவாக்கு உத்திரங்களுக்குக் குறுக்காக வரும்படியும், சந்துகள் ஒரே கோட்டில் வராதபடியும் பரப்பி, பலகைகளுக்கு இடையே 3 மி.மீ., சுவரோரம் 6 மி.மீ. இடைவெளி விட்டார்கள். ஆணி அடிக்கவில்லை, ஸ்க்ரூ மட்டுமே. பழைய கடின மரத்தில் முன்துளை போடாமல் ஸ்க்ரூவை முடுக்கினால் அதன் தலை முறிந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் டிரில்லால் துளையிட்டார்கள். இரண்டாம் அடுக்காக 9 மி.மீ. ஒட்டுப்பலகையை, கீழடுக்கின் சந்துகள் மூடும்படி தள்ளி அடித்தார்கள்.

மூன்றாவது, 6 மி.மீ. சிமெண்டுப் பலகை. இதைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: சிமெண்டுப் பலகை போட்டால் தளம் விறைப்பாகிவிடும் என்பது. அது தளத்துக்கு விறைப்பு எதையும் சேர்ப்பதில்லை. ஈரத்தில் அசையாத, பசை நன்கு பிடிக்கும் பரப்பைத் தருவது ஒன்றே அதன் பணி. ஆடும் உத்திரங்களின் மேல் எத்தனை சிமெண்டுப் பலகை அடித்தாலும் ஆட்டம் அப்படியே இருக்கும். கூரைக்குப் பயன்படும் மெல்லிய சிமெண்டுத் தகடும் இதுவும் வேறு. தளத்துக்கென்று செய்யப்பட்டதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒட்டுப்பலகையின் மேல் டைல் பசையைப் பல் கரணையால், அதாவது விளிம்பில் பற்கள் வெட்டிய கரணையால், இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே பலகையை வைத்து அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். இங்கே பசையின் வேலை ஒட்டுவதைவிட அடியில் வெற்றிடம் இல்லாமல் நிரப்புவதே. வெறும் ஸ்க்ரூவோடு நிறுத்திவிட்டால் நடக்கும்போது பலகை மெல்ல எழுந்து அமரும். சந்துகளில் கண்ணாடியிழை வலைப்பட்டையை ஒட்டி அதே பசையால் நிரப்பினார்கள். கழுவும் கூடம் என்பதால் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு முறை பூசி, சுவரில் 15 செ.மீ. உயரம் வரை ஏற்றினோம். சிமெண்டுப் பலகை நனைந்தால் கெடாது, ஆனால் தண்ணீரைக் கீழே விடாமல் தடுக்காது.

டைல் பதிக்க வந்தவர் அனுபவசாலி. ஆனால் சிமெண்டுப் பால் ஊற்றிப் பதித்தே பழகியவர். அவரிடம் பசையின் தன்மையைப் பொறுமையாகப் பேசிப் புரியவைத்தது பயனளித்தது. மரத்தளத்துக்கு நெகிழும் பசை வேண்டும். ஐஎஸ்ஓ 13007 வகைப்பாட்டில் சி2 எஸ்1 என்று பையில் அச்சிட்டிருக்கும். சி2 என்றால் மேம்பட்ட சிமெண்டுப் பசை. எஸ்1 என்றால் காய்ந்த பசைப்பட்டை 2.5 முதல் 5 மி.மீ. வரை வளைந்து கொடுக்கும், எஸ்2 என்றால் அதற்கும் மேல். டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்துப் பதிப்பதை அனுமதிக்கக் கூடாது. பல் கரணையை ஒரே திசையில் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லப் பூசி அழுத்த வேண்டும். அவ்வப்போது ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்து, முதுகு முழுவதும் பசை பிடித்திருக்கிறதா என்று சோதித்தார். சுவரைச் சுற்றிலும் விட்ட 6 மி.மீ. இடைவெளியைச் சந்துப் பூச்சால் அடைக்காமல் சிலிக்கானால் நிரப்பி, மேலே சுவரோரப் பட்டையால் மறைத்தோம். இரும்புத் தூலத்துக்கு நேர் மேலே உள்ள டைல் வரிசையின் சந்தையும் சிலிக்கானாலேயே நிரப்பச் சொன்னார் பொறியாளர். தாங்கல் இருக்கும் இடத்தில் உத்திரம் எதிர்ப்புறமாக, மேல்நோக்கி வளைவதால், விரிசல் வருமானால் முதலில் அந்தக் கோட்டில்தான் வரும் என்பது அவர் தந்த விளக்கம்.

இத்தனை அடுக்குகளுக்குப் பிறகு பின்கூடம் முன்னறையைவிடச் சுமார் 22 மி.மீ. உயர்ந்தது. பழைய பலகையை எடுக்காமல் இருந்திருந்தால் அது இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். வாசலில் சரிவாகச் சீவிய செங்கால் பட்டை ஒன்றை வைத்ததால் வயதானவர்களின் கால் தட்டுவதில்லை. எங்கள் படிக்கட்டு முன்னறையில் வந்து முடிவதால் வேறு சிக்கல் எழவில்லை. டைல் போடும் அறையிலேயே படிக்கட்டு வந்து முடியும் வீடுகளில், கடைசிப் படியின் உயரம் மற்றப் படிகளிலிருந்து மாறிவிடும்; படிகள் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது துணைவிதி, இருட்டில் இறங்குபவரின் பாதுகாப்பும் அதுவே. அந்தக் கணக்கை டைல் வாங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

கீழ்த்தளத்துக் கூரைப் பலகையைத் திரும்ப அடிக்கும்போது, உத்திர முனைகள் சுவரில் நுழையும் இரு ஓரங்களிலும் கழற்றி மாட்டக்கூடிய பட்டைகளாக அமைக்கச் சொன்னோம். ஆண்டுக்கொருமுறை மழைக்காலம் முடிந்ததும் அவற்றைத் திறந்து, டார்ச் விளக்கை அடித்து, மண்குழாய் தெரிகிறதா, முனை ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். மேலே சுவரோரச் சிலிக்கான் எங்காவது பிரிந்திருந்தால் அதைக் கீறி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறோம். கூடத்தில் குளிர்சாதனம் பொருத்த வேண்டும் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. தொடர்ந்து ஓடும் குளிர்சாதனம் அறையின் காற்றை உலர்த்தி மரத்தைச் சுருக்கும் என்பதால், அதை முன்னறையோடு நிறுத்திக்கொண்டு, பின்கூடத்துக்குக் கூரை மின்விசிறியையே வைத்திருக்கிறோம்.